பதினேழாவது கேள்வி

அந்தக் காப்பீட்டுக் கிளையில் ஏஜென்ட்டுகளின் பயிற்சியைக் கவனித்துக்கொண்ட அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் அவள் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. சொல்லிக்கொடுத்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

விஷயம் இதுதான். கையிலிருக்கும் மொத்தப் பணத்தையும் கம்பெனியிடம் கட்டிவிட்டு, பதிலுக்கு ஆயுள் முழுக்க மாதாமாதம் வாங்கிக்கொள்கிற பென்ஷன் திட்டங்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றை விற்க ஏஜென்ட் லைசென்ஸ் மட்டும் போதாது. நான்கு மணி நேரப் பயிற்சி ஒன்றைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படித்து, கடைசியில் இருபத்தைந்து கேள்விகளுக்குப் பதில் போட்டுத் தேற வேண்டும். கட்டிய பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால் இந்தக் கெடுபிடி. யாருக்கு எது பொருந்தும், யாருக்கு எதைக் கொடுக்கவே கூடாது என்று தெரிந்தவன்தான் விற்க வேண்டும் என்பது சட்டம்.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் அந்தக் கிளையின் ஏஜென்ட்டுகளில் பாதிப் பேர் பாதி வாழ்க்கையை வேறு வேலையில் கழித்துவிட்டு வந்தவர்கள். நான்கு மணி நேரம் திரையைப் பார்த்தால் கொட்டாவியில் தாடை கழன்றுவிடும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கடிகாரம் ஓடும். அது முடியாமல் அடுத்த பக்கம் திறக்காது. ஆகவே அவர்கள் பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதி டீச்சரின் மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அவள் சாப்பாட்டு வேளையில் நான்கு ஜன்னல்களைத் திறந்து நான்கு பேரின் பயிற்சியையும் ஒரே நேரத்தில் ஓட்டினாள். ஒரு கையில் ஸ்பூன், ஒரு கையில் மவுஸ். நூற்றுக்கு நூறு வாங்கினால் சந்தேகம் வரும் என்று ஏதாவது ஒரு கேள்வியை மட்டும் வேண்டுமென்றே தப்பாகப் போடுவாள். எல்லோருக்கும் தொண்ணூற்றாறு.

அவள் நிரந்தர ஊழியர் இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை கையெழுத்துப் போட்டு நீட்டிக்கிற வேலை. பயிற்சியில் ஒருவர்கூடத் தவறாத கிளை என்று மேனேஜர் சுவரில் ஒரு கேடயத்தை மாட்டியிருந்தார், அதற்கு யார் காரணம் என்று அவருக்குத் தெரியும், கையெழுத்துப் போடும் நாளில் அவர் பேனா தயங்கியதில்லை. இப்படியே முப்பத்தொரு பேருக்கு அவள் எழுதிக்கொடுத்தாள். முப்பத்தொன்றாவது ஆள் அவளுடைய சொந்தச் சித்தப்பா.

சித்தப்பா முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் வீட்டில் சும்மா உட்கார முடியாமல் ஏஜென்ட் ஆனார். பேச்சுக்குக் குறைவில்லாத மனுஷன். படிப்புக்கும் அவருக்கும்தான் ஏழாம் பொருத்தம். ஒரு மத்தியானம் அவள் மேஜைப் பக்கம் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, பாப்பா எனக்கும் அந்த நாலு மணி நேரத்தை ஓட்டிக் குடுத்துடேன் என்று கேட்டார். குடும்பத்துக்குள் அவள்தான் பாப்பா, முப்பத்தெட்டு வயதிலும். அவள் சிரித்துக்கொண்டே ஓட்டிக் கொடுத்தாள்.

அவர் விற்ற முதல் பென்ஷன் திட்டம் தன் அண்ணனுக்கு, அதாவது அவளுடைய அப்பாவுக்கு. வேறு யாருக்காவது விற்றிருந்தால் அந்தப் பாவம் வேறு வீட்டு வாசலில் போய் நின்றிருக்கும். படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று, வாங்குகிறவர் உயிரோடு இருக்கும் வரைக்கும் மட்டும். இன்னொன்று, அவருக்குப் பிறகு அவர் மனைவிக்கும். முதலாவதில் மாதத்தொகை கொஞ்சம் அதிகம். சித்தப்பாவின் கண்ணில் பட்டது அந்தத் தொகை மட்டும்தான். சித்தப்பாவுக்கு அண்ணன் என்றால் உயிர். எதில் அதிகம் வருமோ அதில்தான் அண்ணனுக்குப் போட வேண்டும் என்று தன் பேனாவாலேயே முதல் கட்டத்தில் டிக் அடித்தார். அப்பா கண்ணாடியைக்கூடத் தேடாமல் கையெழுத்துப் போட்டார். தம்பி கொண்டுவந்த காகிதத்தைப் படித்துப் பார்ப்பதாவது.

அன்று சாயங்காலம் அப்பா அவளிடம் சொன்னார், உங்க சித்தப்பன் எல்லாத்தையும் முடிச்சுக் குடுத்துட்டான் என்று. எந்தத் திட்டம், எந்தக் கட்டம் என்று அவள் கேட்கவில்லை. தொண்ணூற்றாறு வாங்கினவர்தானே, சரியாகத்தான் பார்த்திருப்பார் என்று அவள் மனதில் ஓடியது. அந்தத் தொண்ணூற்றாறு தன்னுடையது என்பது அந்த நிமிஷம் அவளுக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. இதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். அவளாலேயே நம்ப முடியவில்லை.

ஏழாவது மாதம் அப்பா குளியலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. காரியமெல்லாம் முடிந்து மூன்று வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஆழ்ந்த இரங்கல் என்று முதல் வரி. திட்டம் முடிவுக்கு வந்தது, இனி யாருக்கும் எதுவும் வராது என்று இரண்டாவது வரி.

சித்தப்பா அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு அவளிடம் நீட்டினார். அண்ணிக்குப் பாதியாவது வரும்தானே என்று கேட்டார். வராது என்று அவள் விளக்கினாள். அவர் அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

"அப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லவே இல்லையே பாப்பா."

அவர் குற்றம் சாட்டவில்லை. அவருக்கு அதெல்லாம் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அவளுக்குத் தெரியும். அந்தப் பயிற்சியின் பதினேழாவது கேள்வி அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்: வாடிக்கையாளரின் மனைவிக்குச் சொந்த வருமானம் இல்லை, எந்த வகையைப் பரிந்துரைக்க வேண்டும்? முப்பத்தொரு தடவை அதற்குச் சரியான கட்டத்தை அழுத்தியிருக்கிறாள். வேண்டுமென்றே தப்பாகப் போட்ட கேள்விகளில்கூட அது ஒரு நாளும் இருந்ததில்லை, அவ்வளவு சுலபமான கேள்வி.

அவளுக்குத் தெரிந்த இன்னொன்றும் இருந்தது. பயிற்சி பெறாத ஏஜென்ட் விற்றால் அந்த விற்பனையே செல்லாது. கட்டிய பணத்தைக் கம்பெனி திருப்பித் தர வேண்டும். அதுவும் அதே பாடத்தில்தான், கடைசிக்கு முந்தைய பக்கம். யாரும் படிக்காத பக்கம்.

அம்மாவின் பெயரில் புகார் மனுவை அவளே எழுதினாள். ஏஜென்ட் சரியாக விளக்கவில்லை என்று எழுதினாள். ஏஜென்ட் பயிற்சியே பெறவில்லை என்கிற வரியை மட்டும் எழுதவில்லை. எழுதப் போனபோதெல்லாம் கை நின்றது. மேனேஜரும் ஒரு நாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ரொம்ப அன்பாகவே, அந்தப் பயிற்சி விஷயம் வெளியே வந்தால் முப்பத்தொரு குடும்பம் நடுத்தெருவில் நிற்கும், முதலில் நிற்கப்போவது யார் என்று யோசித்துக்கொள் என்று சொல்லியிருந்தார். அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்கப் பயம்தான் வளர்ந்தது.

விசாரணை கம்பெனியின் புகார்ப் பிரிவில், நான்காவது மாடியில் நடந்தது. ஜன்னலைத் திறக்க முடியாத சின்ன அறை, நீள மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். விசாரணை அதிகாரி ஐம்பது வயதுக்காரி. பேச்சில் கடுமையும் இல்லை, கனிவும் இல்லை. எதிரே அம்மா, அம்மாவுக்குத் துணையாக அவள். மேஜையின் ஓரத்தில் சித்தப்பா, கல்யாணத்துக்குப் போகிறவர்போல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது.

அம்மா தன் பங்கைச் சொன்னாள். அவர் போனா எனக்கு ஒண்ணும் கிடையாதுன்னு தெரிஞ்சிருந்தா அவர் கையெழுத்தே போட்டிருக்க மாட்டார், என் கொழுந்தனாருக்கும் அது தெரியாது, தெரிஞ்சா எனக்கு இப்படிச் செய்ய மாட்டார் என்றாள். சித்தப்பாவை விட்டுக்கொடுக்காமல்தான் பேசினாள். அம்மா கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. தாயில்லாப் பிள்ளைக்குச் சோறு போட்டு, பக்கத்தில் உட்காரவைத்துப் பாடம் சொல்லி வளர்த்தவள் அவள்தான்.

அதிகாரி கோப்பைப் புரட்டினாள். ஏஜென்ட்டின் பயிற்சிப் பதிவு இருக்கிறது, தேதி இருக்கிறது, நான்கு மணி ஆறு நிமிஷம் படித்திருக்கிறார், மதிப்பெண்ணும் நன்றாகவே வாங்கியிருக்கிறார் என்றாள். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு சித்தப்பாவைப் பார்த்தாள்.

"இதை நீங்களே படிச்சு, நீங்களே எழுதினதுதானே?"

சித்தப்பா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அவர் கண்ணில் மிரட்டல் இல்லை, கெஞ்சலும் இல்லை. என்ன சொல்லட்டும் பாப்பா என்று கேட்கிற பார்வை. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மாவின் பணம் முழுசாகத் திரும்பி வரும். அது அவருக்குத் தெரியாது, அந்த அறையில் அதிகாரிக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும். அவருக்குத் தெரிந்ததெல்லாம், உண்மையைச் சொன்னால் பாப்பாவின் வேலை போகும் என்பதுதான்.

அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானேதான் எழுதுனேன்" என்றார் சித்தப்பா.

அதிகாரி ஒரு தாளை எடுத்துப் பதினேழாவது கேள்வியை நிதானமாக வாசித்தாள். அதற்கு அவர் போட்ட சரியான பதிலையும் வாசித்தாள். பிறகு தாளைக் கீழே வைத்தாள்.

"அப்போ உங்க அண்ணன் போயிட்டா இவங்களுக்கு ஒண்ணும் வராதுன்னு உங்களுக்குத் தெரியும்."

சித்தப்பா சட்டையின் மேல்பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தெரியும்."

அம்மா அவரைப் பார்த்தாள். பெற்ற பிள்ளை கை ஓங்கினால் ஒரு தாய் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள். அதற்குமேல் அதிகாரி சொன்னது எதுவும் அம்மாவின் காதில் விழுந்திருக்காது. ஏஜென்ட் முறையாகப் பயிற்சி பெற்றவர், வாடிக்கையாளர் தன் கையால் கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஆகவே புகார் நிற்காது. ஏஜென்ட் மீது தனியாக நடவடிக்கை உண்டு, லைசென்ஸ் ரத்தாகும் என்று அதிகாரி சொல்லி முடித்தாள். சித்தப்பா எழுந்து இரண்டு கைகளையும் கூப்பினார். யாரைப் பார்த்துக் கூப்பினார் என்று தெரியவில்லை. லிஃப்டுக்குக் காத்திராமல் படியிறங்கிப் போய்விட்டார்.

பஸ் நிறுத்தத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. அம்மா சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு பஸ் போனது. மூன்றாவதற்குக் காத்திருக்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"எட்டாங்கிளாஸ்ல மூணு வருஷம் உக்காந்தவன்டி அவன். நான்தான் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தேன், அப்பவும் முப்பத்தஞ்சு தாண்டல. அவனுக்கு எப்படி நல்ல மார்க் வந்துச்சு?"

அம்மா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேறு வழியில்லாமல் அவள் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், சாப்பாட்டு வேளை, நான்கு ஜன்னல், யாரும் படிக்காத அந்தப் பக்கம், அதில் இருந்த விதி, எதையும் மறைக்கவில்லை. மறைத்திருக்கலாம். மறைக்கிற தெம்புகூட அப்போது அவளிடம் இல்லை.

அம்மா திட்டவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள், மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வா. அந்தம்மா இன்னும் அங்கதான் இருப்பாங்க. போய்ச் சொல்லலாம்."

அவள் எழுந்திருக்கவில்லை. சொன்னால் நாளைக்கே வேலை போய்விடும், வேறு எங்கும் சேர்க்க மாட்டார்கள், வழக்கு வந்தாலும் வரும், திரும்பி வரும் பணத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் இரண்டு பேரும் ஓட்டுவது என்று கோர்வையில்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். சரி நீ வரவேண்டாம், நானே போய்ச் சொல்கிறேன் என்றாள் அம்மா.

"நீ போய்ச் சொன்னாலும், நான் இல்லைன்னுதான் சொல்வேன்மா."

தன் வாயிலிருந்துதான் அது வந்தது என்று அவளுக்கே கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் மாடியில் அவள் சும்மா இருந்தது பயத்தால். இது பயம் இல்லை. இதை அவள் யோசித்துத்தான் சொன்னாள்.

அம்மாவின் பிடி தளர்ந்தது. நான்கு மாடிக் கட்டிடத்தை ஒரு தரம் பார்த்தாள், சித்தப்பா நடந்து போன திசையை ஒரு தரம் பார்த்தாள். அந்தத் தெருவில் இப்போது யாரும் இல்லை.

"அவன் சாப்பிட்டானோ என்னவோ" என்றாள். பிறகு, யாருக்கோ சொல்வதுபோல, "சரி. இனிமே உன் சோத்தைத்தானே நான் திங்கணும்" என்றாள்.

பஸ் வந்தது. மத்தியான பஸ், முக்கால்வாசி காலியாகவே இருந்தது. அம்மா முன்னால் ஏறி, காலியாகக் கிடந்த வரிசைகளையெல்லாம் தாண்டிப் போய், யாரோ ஒரு பெண் உட்கார்ந்திருந்த இருவர் இருக்கையில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.