வெறும் வயிற்றுக் கேமரா

தபால்காரருக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் மனைவியை ஒழுங்காகக் காட்டுகிற படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள். முதுகு இருக்கிறது, முழங்கை இருக்கிறது, துணியால் மூடிய தலை ஒரு நாற்பது தேறும். கல்யாண ஆல்பத்தில் அம்மணி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பார்த்தவர்கள் எல்லாம் பெண் தூங்குகிறதா என்று கேட்டு வைக்க, இனி எவன் கேமராவுக்கும் முகம் காட்டுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

வீட்டின் முன்னறைதான் அம்மணியின் தையல் கடை. புருஷன் போனைத் தூக்கினால் போதும், கையிலிருக்கிற துணி முகத்துக்குப் போய்விடும். ஒரு தடவை தபால்காரர் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று எடுக்கப் பார்த்தார். மறுநாள் காலையில் அவருடைய சட்டைப் பைகள் அத்தனையும் வாய் தைக்கப்பட்டிருந்தன. அதுவும் இரட்டைத் தையல்.

இதற்கு நடுவில் வேலைக்காக வெளியூர் போன மகள். அம்மா தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரே ஒரு படம் வேண்டும், அறைச் சுவரில் மாட்ட வேண்டும் என்று வாரம் தவறாமல் போனில் நச்சரிப்பு. போன வாரம் கேட்கும்போது குரல் கம்மியது. அழுகையா சளியா என்று தபால்காரருக்குப் பிடிபடவில்லை. அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் அவர் தபால் கொடுக்கிற தெருவில், பழைய கேமரா கடைக் கண்ணாடிக்குள் ஒரு மடக்குக் கேமராவைப் பார்த்தார். மடக்கினால் மூக்குக் கண்ணாடிப் பெட்டி மாதிரி இருக்கும். பொத்தானை அழுத்தினால் கதவு திறந்து, மடிப்பு மடிப்பான தோல் துருத்தியோடு லென்ஸ் முன்னால் வரும். குனிந்து மேலிருந்து பார்த்தே படம் எடுக்கலாம், முகத்துக்கு நேராகத் தூக்க வேண்டியதில்லை. கண்டேன் வழியை என்று உள்ளே நுழைந்துவிட்டார்.

கடைக்காரம்மாவுக்கு அந்தத் தெருவில் லென்ஸக்கா என்றே பெயர். வாங்குகிறவனை நம்பி அவர் எதையும் விற்றதில்லை. தினமும் கூடவே வைத்துக்கொள்ளத்தான் கேமரா என்றால், ஒரு வாரம் தூக்கிச் சுமந்து பார்த்த பிறகுதான் விலையே சொல்வார். பிலிமும் தரமாட்டார்.

"முதல்ல வெறும் வயித்தோட தூக்கிட்டுப் போங்க தபால்காரரே. ஒத்துப்போச்சுன்னா அப்புறம் சோறு போடலாம்."

முதல் வாரம் கொண்டுபோனது பெரியது. படமும் பெரிசாக வருமாம். பைக்குள் செங்கல்லைக் கட்டிக்கொண்டு நடந்த கதைதான். மூன்றாம் நாளே தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, எதிர்ப்பட்ட மருந்துக்கடைக்காரர் சுளுக்கா என்று விசாரித்தார். இரண்டாம் வாரம் கொண்டுபோனது பையில் அடங்கியது, ஆனால் அதன் தாழ்ப்பாள் தேய்ந்திருந்தது. பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்கக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து துருத்தி படக்கென்று வெளியே வந்தது. கையெழுத்துப் போட வந்த வக்கீல் பேனாவைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

மூன்றாவதுதான் தங்கமான கேமரா. சின்னது, பாந்தமானது, அநாவசியமாக வாயைத் திறக்காதது.

ஆனால் அதிசயம் கடையில் நடக்கவில்லை, வீட்டில் நடந்தது. கேமராவுக்குள் பிலிம் இல்லை என்று தெரிந்ததும் தையல்கார அம்மாள் முகத்தை மூடவில்லை! லென்ஸிலிருந்து ஆளுக்கு எத்தனை அடி தூரம் என்று கணக்காகப் பார்த்து லென்ஸ் வளையத்தைத் திருக வேண்டும் என்று அவர் சொன்னதும், கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துத் தன் மூக்கு வரை அளந்து, ஏழடி இரண்டு அங்குலம் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். லென்ஸக்கா சொன்னபடி அறையில் வெளிச்சம் போதாததால் கேமராவை நூல்கண்டு அலமாரியில் அசையாமல் வைத்துவிட்டு, தபால்காரர் தினமும் சாயங்காலம் லென்ஸை ஒட்டியிருக்கிற குச்சியை ஏற்றுவார், படம் எடுக்கிற மாதிரி தட்டுவார். மறுபடி ஏற்றுவார், தட்டுவார். அம்மணியும் ராணி மாதிரி போஸ் கொடுப்பார். வீட்டில் இத்தனை சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று அவருக்கே ஞாபகம் வரவில்லை.

வாரம் முடிந்ததும் பணத்தைக் கொடுத்துக் கேமராவை வாங்கினார். லென்ஸக்கா பன்னிரண்டு படம் எடுக்கிற பிலிமை மாட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தவர், பிலிம் போட்டாச்சா என்று மனைவி கேட்டதற்கு, இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சொன்ன முதல் பெரிய பொய். 

அன்று சாயங்காலம் நாலு தடவை தட்டினார். நாலே போதும், மிச்சம் வீணானாலும் போகட்டும் என்று மறுநாளே பிலிமைக் கழுவக் கொடுத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்துப் போனால், லென்ஸக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஏன் சார், ஒவ்வொரு தடவையும் பிலிமைச் சுத்தணும்னு தெரியாதா?"

தபால்காரருக்குப் பகீரென்றது. அந்தக் காலத்துக் கேமராவில் குச்சி ஒரு பக்கம், பிலிம் சுற்றுகிற திருகு ஒரு பக்கம். இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. வெறும் கேமராவில் சுற்றுவதற்கு என்ன இருக்கிறது என்று மூன்று வாரமாகத் திருகைத் தொடாமலே பழகிய கை, அன்றைக்கும் தொடவில்லை. நாலு படமும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே இடத்தில் விழுந்திருந்தது.

"உங்க அதிர்ஷ்டம், அந்த இருட்டுல ஒண்ணு மட்டும் எடுத்திருந்தா ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. நாலு வெளிச்சமும் சேர்ந்துதான் இது வந்திருக்கு. பாருங்க."

பார்த்தார். ஒரே அறை, ஒரே மிஷின், அதில் நாலு மனைவி. ஒருத்தி மிஷினில் குனிந்து நூலைக் கடிக்கிறாள். ஒருத்தி இஸ்திரி போடுகிறாள். ஒருத்தி நேராகக் கேமராவைப் பார்த்து விரலை நீட்டித் திட்டுகிறாள். ஒருத்தி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள். எல்லாருக்குள்ளும் பின்னாலிருக்கிற சுவர் லேசாகத் தெரிந்தது. தபால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு பயமும் வந்தது. இதை மனைவியிடம் காட்டாமல் மகளுக்கு அனுப்பிவிடலாம். அனுப்பினால் அது இரண்டாவது பொய்.

வீட்டுக்குப் போய்ப் படத்தை மிஷின் மேல் வைத்துவிட்டு, உள்ளதை உள்ளபடி சொல்லி, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அம்மாள் படத்தைக் கையில் எடுத்தார். மிஷின் நின்றது. நாலு பேரையும் ஒவ்வொருத்தியாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பொய் சொல்லி எடுத்திருக்கீங்க," என்றார் கடைசியில்.

"ஆமா. தப்புதான்."

"நாலு பேரா நின்னு வேலை பாக்கறேன், நீங்க ஒருத்தர் நின்னு வேடிக்கை பாத்திருக்கீங்க." படத்தை இன்னும் கீழே வைக்கவில்லை. "தபால்ல போடுங்க. மடங்காம அட்டை வெச்சு அனுப்புங்க."

அவரே பதிவுத் தபாலில் சேர்த்தார். நாலாம் நாள் மகள் போன் செய்தாள். சிரிப்பும் அழுகையுமாக ஒரே கூத்து. தபால்காரர் போனை மனைவியிடம் நீட்டினார்.

இந்த நாலு பேரில் எது நிஜ அம்மா என்று மகள் கேட்டாள்.

"இதென்ன கேள்வி? திட்டறவதான்."

அப்படியானால் அந்தச் சிரிக்கிறவள் யார் என்று அவள் விடவில்லை. தையல்கார அம்மாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த தபால்காரரை ஒரு பார்வை பார்த்தார்.

"அவளை எனக்கே இப்பத்தான்டி தெரியும்," என்றார்.