ஒரு சாண் உயரத்தில் எடுத்த குறிப்புகள்

ஆறு மணிக்கு அலாரம் அடித்தது. கணவன் எழுந்து பால் காய்ச்சினான். மனைவி பல் துலக்கி, தலை வாரி, மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போட்டுப் போகும் சீருடைக்கு இஸ்திரி போட்டாள். இத்தனையும் அவள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றபடி செய்தாள். கல்யாணமான இரண்டாம் வருஷத்திலிருந்து அப்படித்தான். செருப்பு தேயவில்லை. கடையின் வாசல் நிலை தாழ்வு என்பதால் தினமும் தலை குனிந்து நுழைந்தாள். வேறு வித்தியாசம் எதுவும் இல்லை. விஷயம் கேள்விப்பட்டு வந்த அவளுடைய அக்கா, மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சின்ன வயசுல மேல் அலமாரி டப்பா எட்டலைன்னு அழுவா தம்பி. இப்ப எட்டுதுல்ல, விடுங்க" என்று கணவனிடம் சொல்லி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊருக்குப் போனாள்.

கணவன் கல்லூரியில் உளவியல் விரிவுரையாளன். மதங்களைத் தோற்றுவித்தவர்களின் மனதைப் பற்றி எட்டு வருஷமாகப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தான். அவர்கள் செத்துப் பல நூறு வருஷமாகிவிட்டது. சீடர்கள் பக்தியில் எழுதிவைத்ததைக் கிளறித்தான் அவர்களுடைய பிள்ளைப் பருவத்தையும் பயத்தையும் துக்கத்தையும் ஊகிக்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்து, பக்தியில்லாத கண்ணோடு பார்த்து எழுதியவர் ஒருவர்கூட இல்லையே என்று ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் அங்கலாய்ப்பான். இப்போது அந்த வாய்ப்பு அவனுடைய சமையலறையிலேயே நின்றது. கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினான்.

அவள் கையால் கண்ணாடி மாட்டிக்கொண்டவர்களுக்கு மனம் அடங்கியது. ஒரு வருஷத்துக்குள் காலையில் வீட்டு வாசல் கேட்டுக்கு வெளியே நாற்பது பேர் நின்றார்கள். வெறும் வயிற்றோடு கண் பரிசோதனைக்கு வராதீர்கள், தலை சுற்றும் என்று அவர்களிடம் சொன்னாள். அதையும் எழுதிவைத்துக்கொண்டார்கள். அவள் காய் நறுக்கும்போது கணவன் தன் கேள்விப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு கேட்பான். அப்பா இறந்தபோது வயது என்ன? ஒன்பது. எப்படி இறந்தார்? பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அழுதாயா? ஞாபகமில்லை. ஒருநாள் அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"உங்க நோட்டுல இருக்கிறவ நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா" என்றான், நிமிராமல்.

தரையைவிட்டு எழும்பிய மூன்றாம் வருஷம் இடது தோள் வலிக்கிறது என்றாள். நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி இருக்கிறது என்றாள். படியில் கால் வைக்காதவளுக்கு மூச்சு வாங்கியது. அவனுடைய ஆய்வு முறையில், இப்படிப்பட்டவர்கள் சொல்லும் உடல் வலி உடல் வலி அல்ல. பாரம் என்பது தகப்பன் என்று எழுதினான். புத்தகத்தின் ஐந்தாம் அத்தியாயம் அந்த ஒரு பத்தியால் நிமிர்ந்து நின்றது. அன்று அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு சாண் உயரம் நான்கு விரற்கடையாகக் குறைந்தது, பிறகு இரண்டாயிற்று. வரைபடம் போட்டான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு இருபதுக்கு அவள் பாதம் தரையைத் தொட்டது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அவன் எழுதிக்கொண்டிருந்ததை முடித்தான். மூன்று வரி. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

அவள் போன பின்னும் கேட்டுக்கு வெளியே ஆட்கள் வந்தார்கள். ஆறாவது மாதத்தில் அவர்களும் ஒரு விரற்கடை உயரத்தில் நின்றார்கள். தெரு பெருக்குகிறவள் அவர்களை நகரச் சொல்லாமல் பாதங்களுக்கு அடியிலேயே பெருக்கிக்கொண்டு போனாள்.

ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அவளுடைய வாழ்க்கையை எழுதிக்கொண்டிருந்தார். ஒரு காலை அவர் கையெழுத்துப் பிரதியோடு வந்து, நாற்காலிக்குச் சற்று மேலே உட்கார்ந்தார். கடைசி வாக்கு ஏற்கெனவே தயாராக இருந்தது. நான் இறங்கவில்லை, பூமிதான் ஏறி வந்திருக்கிறது என்று அவள் சொன்னாளாம்.

"நீங்க தலையை ஆட்டினா போதும் தம்பி, அச்சுக்குப் போயிடும்."

இப்படிப்பட்ட வாக்குகள் எப்படி உருவாகின்றன என்று அவன் ஒரு பருவம் முழுக்கப் பாடம் எடுத்திருக்கிறான். இது நல்ல வாக்கு. இதற்குத் தலையாட்டினால், அந்த நேரத்தில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று இனி ஒருவரும் கேட்கப்போவதில்லை. நோட்டைத் திறந்தான். அந்தப் பக்கத்தில் மணி இருந்தது, உயரம் பூஜ்யம் என்று இருந்தது, தகப்பனைப் பற்றி மூன்று வரி இருந்தது. அவள் சொன்னது அதில் இல்லை. அதை அவன் நினைவிலிருந்து சொன்னான்.

தபால்காரர் பேனாவை எடுத்தார். "இதுக்கு என்ன அர்த்தம்னு போடுறது?"

"அர்த்தம் எதுவும் போடாதீங்க. அவ சொன்னது அவ்வளவுதான்."

பழைய வாக்கை அடித்துவிட்டு, அவர் ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்:

"எழுதினது போதுங்க, ஒரு வண்டி கூப்பிடுங்க."