ஊஞ்சல் பாட்டில் ஆட்டுமணி

“அந்த வீடியோவுல எம் பேரப் போடுங்க சார்.”

எங்கள் பாட்டுக் குழுவின் சந்திப்பு. ஓட்டல் மாடி ஹாலில் பதினெட்டுப் பேர் இருந்தோம். எல்லார் கையிலும் காப்பி. சுவரில் கட்டிய வெள்ளைத் துணியில் மதியழகன் சாரின் முகம் வாயைத் திறந்தபடி நின்றிருந்தது. முகத்தின் சொந்தக்காரர் பக்கத்திலேயே மைக்கோடு நின்றார். வீடியோவை நிறுத்தச் சொன்னது நான்தான்.

“எந்தப் பேரும்மா?”

“எம் பேரு. மலர்விழி. இப்ப நீங்க வாசிச்சது நான் எழுதுனது.”

எங்கள் குழுவில் கேட்கவே கூடாத ஒன்று இருந்தால் அது இதுதான். ‘காதுக்காரர்கள்’ என்ற வலைப்பூவை மதியழகன் சார் தொடங்கியபோதே உச்சியில் எழுதி வைத்திருந்தார்: இங்கே யாரும் பேருக்காக எழுதுவதில்லை, பேர் கேட்காதீர்கள். அப்போது அது யாருக்கும் உறுத்தவில்லை. எல்லாருக்கும் புனைபெயர். எனக்கு ‘ஒத்தக்காது’. என் இயர்போனில் இடது பக்கம் செத்துப் போயிருந்தது, புதுசு வாங்க வழியில்லை, அதனால் அந்தப் பேர்.

முந்தின நாளே தேவதர்ஷினி போன் போட்டுச் சொல்லியிருந்தாள். குழுவில் ஒருத்தி, ஒட்டன்சத்திரத்துக்காரி. எட்டு வருசமாக எழுத்தில் பழக்கம், அன்று காலையில்தான் முதல்முறை நேரில் பார்த்தேன்.

“ஏனுங்க மலரு, நாளைக்கு வந்து பேரு கீருன்னு கேட்டுப்போடாதீங்க. நல்ல மனுசனுங்க. சங்கடப்படுவாருங்க.”

“என் சங்கடம்?”

“அது பழகிப்போச்சுங்களே.”

அந்த ஒரு வார்த்தையைத்தான் ராத்திரி முழுக்கப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

நான் காலேஜ் முதல் வருசம் படிக்கும்போது குழுவில் சேர்ந்தேன். தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் எங்களுக்கு முக்கால் ஏக்கர் முல்லை. விடியறதுக்கு முன்னால் அம்மாவோடு பூப்பறிப்பு, அப்பா கூடையைச் சந்தைக்குக் கொண்டு போனதும் பஸ் பிடித்து காலேஜ். எங்கள் வீட்டில் பட்டப்படிப்பு வாசல் மிதித்த முதல் ஆள் நான். பறிக்கும்போது ஒரு காதில் பாட்டு ஓடும். கேட்டதைக் கோடு போட்ட நோட்டில் எழுதிவைத்து, சாயங்காலம் போனில் தட்டி ஏற்றுவேன்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பதிவானாலும் முதல் வரி ‘கேட்ட இடம்’. ‘கேட்ட இடம்: செம்பட்டி பஸ், கடைசி சீட்டு, டயர் மேல.’ ‘கேட்ட இடம்: ரேசன் கடை வரிசை, எனக்கு முன்னால பதினோரு பேரு.’ அதற்குப் பிறகுதான் பாட்டு. இரண்டாவது சரணத்தில் கிதார் ஒரு தாளத்தட்டு முன்னாலேயே வருகிறதா இல்லையா என்று மூன்று நாள் சண்டை நடக்கும். அறுபது எழுபது பின்னூட்டம். வெளியே ஏட்டம்மா, டாக்டர், லாரி டிரைவர் என்று என்னவாக இருந்தாலும், அங்கே எல்லாரும் வெறும் காது. என்னை யாரும் நீ யாரு, எந்தத் தெரு என்று கேட்டதில்லை. அதற்காகவே நான் அங்கே கிடந்தேன்.

அப்புறம் எல்லாரும் வாட்சப்புக்கு வந்தார்கள். மூன்று நாள் சண்டை மூன்று கட்டைவிரலாகச் சுருங்கியது. காலையில் பூப்படத்தோடு வணக்கம் வரும். அதே நேரத்தில் அந்தப் பூவைப் பறித்துக்கொண்டிருக்கிறவளுக்கே வரும். வலைப்பூவை யாரும் திறக்காததால் சார் ஒருநாள் அதை மூடியும் விட்டார். பிறகு அவர் நாற்பது நொடி வீடியோ போட ஆரம்பித்தார். ஒரு பாட்டு, அவர் முகம், பழைய பதிவிலிருந்து ஐந்தாறு வரி. ஒவ்வொரு வீடியோவையும் ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள்.

முதல் வீடியோவில் வந்தது என் பதிவு. ‘கேட்ட இடம்’ வரி மட்டும் இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை, சந்தோசம்தான் வந்தது. அம்மாவிடம் ஓடிப்போய்ப் போட்டுக் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. முழுசாகக் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் சொல்றாரு. உன் பேர எங்கன சொன்னாரு?” என்றாள்.

“சொல்லலம்மா.”

“ஏன்?”

போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் முப்பது வீடியோ வந்துவிட்டது. பத்தொன்பது என்னுடையவை. அம்மா திரும்பக் கேட்கவே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

மதியழகன் சார் மைக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டு சிரித்தார். “நம்ம குழுவுல பேரு கேக்குற பழக்கமில்லையேம்மா. எல்லாம் எல்லாரும் சேந்து பேசுனதுதான?”

“மூலையில உங்க பேரு ஓடுது சார்.”

“அது சேனல் பேரு.”

“சேனலுக்கு உங்க பேர வச்சது யாரு, நாங்களா?”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவருக்கு முகம் இறுகியது. “சரி. இது நீ எழுதுனதுன்னு எப்படிச் சொல்ற? எம்புட்டோ பேரு எழுதியிருக்காங்க. ப்ளாக்கே இப்ப இல்ல.”

“வீடியோவ மறுபடி போடுங்க. கடைசிப் பத்து நொடி.”

போட்டார்கள். நாங்கள் ‘ஊஞ்சல் பாட்டு’ என்று செல்லமாகக் கூப்பிடும் பழைய சினிமாப் பாட்டு அது. சார் கண்ணை மூடிக்கொண்டு உருகுகிறார்: “இரண்டாவது இடையிசையில், புல்லாங்குழலுக்குப் பின்னால், ஒரே ஒரு மணி. யாரோ வாசலில் வந்து நின்றதைப் போல. அந்த ஒரு தட்டுக்காகவே இந்தப் பாட்டு.”

“இப்ப பாட்டப் போடுங்க. அந்த இடம்.”

பாட்டு ஓடியது. புல்லாங்குழல் வந்தது, போனது. மணி வரவில்லை.

“சவுண்டைக் கூட்டு” என்றார் சார். கூட்டினார்கள். பதினெட்டுப் பேரும் காப்பியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். எல்லாருமே காதுக்காரர்கள் இல்லையா! ஒரு மணியும் இல்லை.

முன்வரிசையில் தேவதர்ஷினி நெளிந்தாள். பிறகு சட்டென்று எழுந்துவிட்டாள். “சார், அது மலரு ஊட்டு ஆடுங்க.”

“என்னது?”

“ஆடுங்க சார். வெள்ளாடு. இவுங்களுக்கு ஒத்தக் காதுலதான பாட்டு. இன்னொரு காதுல வரப்புல கட்டியிருந்த ஆட்டு மணி கேட்டிருக்குது. நாந்தானுங்க பெரிய ஸ்பீக்கருல போட்டுப் பாத்துக் கண்டுபுடிச்சேன். ரெண்டு வாரம் இவுங்கள ஓட்டுனோமே! மலரே கீழ பின்னூட்டத்துல தப்புன்னு எழுதுனாங்களே!”

ஹால் வெடித்துச் சிரித்தது. வீடியோவின் கீழே இருநூறு பேர், ஆமாம் மணி கேட்கிறது, புல்லரிக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அதை ஒருத்தர் சத்தமாக வாசிக்க, சிரிப்பு இன்னும் கூடியது. நானும் சிரித்தேன். எங்கள் ஆட்டுக்கு ஒரு லட்சம் ரசிகர்கள்.

“பதிவ எடுத்தீங்க, பின்னூட்டத்தைப் படிக்கல. கேட்ட இடத்தையாவது விட்டு வச்சிருந்தா ஆடு அதுலயே நிக்கிறது தெரிஞ்சிருக்கும்” என்றேன்.

அவர் லேசுப்பட்டவர் இல்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு மேடையிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து, குரலில் தேன் தடவிப் பேசினார்.

“தப்புத்தாம்மா. ஒத்துக்கிறேன். பேரு போடுறேன், பெருசாவே போடுறேன். இப்ப எனக்கு ஒண்ணு தோணுது, கேளு. உங்க தோட்டத்துக்கே வந்து எடுப்போம். நீ இடுப்புல பூக்கூடையோட நிக்கிற, ஆடு பின்னால. ‘பூப்பறிக்கிற பொண்ணுக்கு இம்புட்டு இசை ஞானமா!’ன்னு தலைப்பு. பிச்சுக்கிட்டுப் போகும்.”

“நான் நூல் மில்லுல தரச் சோதனை லேப்ல வேல பாக்குறேன் சார். பி.எஸ்சி. பிசிக்ஸ்.”

“அத விடும்மா. அத யாரு பாக்கப் போறா?”

பூப்பறித்ததில் எனக்கு வெட்கம் கிடையாது. அன்று ஞாயிற்றுக்கிழமை, காலையில்கூடப் பறித்துவிட்டுத்தான் வந்திருந்தேன், விரல் நுனியில் கறை இருந்தது. ஆனால் அந்த ‘இம்புட்டு ஞானமா’வில் இருக்கிற ஆச்சரியம் எனக்குத் தெரியும். காலேஜில் முதல் மார்க் வாங்கினபோது லெக்சரர் முகத்தில் பார்த்தது. மில்லில் நூலின் குறையை மெஷின் சத்தத்தை வைத்தே சொன்னபோது சூப்பர்வைசர் முகத்தில் பார்த்தது. எட்டு வருசம் வெறும் காதாக இருந்த இடத்தில் கடைசியில் அதே முகம்.

“சார், ஆடு வேணும்னா வந்து எடுத்துக்கோங்க. அதுக்கு ஆட்சேபணை இருக்காது. நான் வேடிக்கை காட்டுற சரக்கில்ல.”

“கோவப்படாத. வாய்ப்பு வீடு தேடி வருது. பேரு வேணும்னு நீதான கேட்ட?”

“கேட்டேன். நீங்க குடுப்பீங்கன்னு கேக்கல. எங்கம்மா என்கிட்ட கேட்டா. அத உங்ககிட்ட ஒருதடவையாவது நாலு பேரு முன்னால கேட்டுட்டுப் போகணும்னு வந்தேன்.”

நோட்டுகள் ஏழும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. வலைப்பூவை மூடலாம், நோட்டை மூட முடியாது. முந்தின வாரமே இணையத்தில் சொந்தமாக ஒரு பக்கம் திறந்து, பன்னிரண்டு பதிவுகளை முழுநீளமாக ஏற்றிவிட்டேன். ஒவ்வொன்றின் மேலும் கேட்ட இடம், அடியில் பெ. மலர்விழி. பெ என்றால் பெருமாள்சாமி, எங்கப்பா. பதின்மூன்றாவதைக் காலையில் பஸ்ஸில் ஏற்றினேன். ஊஞ்சல் பாட்டு, ஆட்டுமணியோடு, திருத்தத்தோடு. ஒன்பது பேர் படித்திருந்தார்கள். அதில் ஒருத்தர், கிதார் பற்றி நான் சொன்னது தப்பு என்று பதினைந்து வரிக்குச் சண்டை போட்டிருந்தார். அதைப் படித்துவிட்டு பஸ்ஸிலேயே சத்தமாகச் சிரித்தேன்.

பையை எடுத்துத் தோளில் போட்டேன்.

“ஏனுங்க, சாப்பாடு இருக்குதுங்க” என்றாள் தேவதர்ஷினி.

“நீ சாப்பிடு. சாயங்காலம் வந்து சண்ட போடு. பின்னூட்டம் திறந்துதான் கெடக்கு.”

“அட்ரஸ் அனுப்புங்க.”

“எம் பேரப் போட்டுத் தேடு, வரும்.”

வாசலில் குனிந்து செருப்பை மாட்டினேன். உள்ளே ஊஞ்சல் பாட்டை மறுபடி போட்டார்கள், இன்னும் சத்தமாக. யாரோ விடாமல் மணியைத் தேடுகிறார்கள். புல்லாங்குழல் வருவதற்குள் நான் படி இறங்கிவிட்டேன்.