மணியடித்த இன்னொரு போன்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருக்கிற லாட்ஜ் ஒன்று விடாமல் ஏறி இறங்கினாள் ரூத். வேலை முடிந்து நேராக வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள். நஜ்முன்னிசா என்று ஒரு சின்ன வயசுப் பெண் தனியாக வந்து ரூம் எடுத்தாளா என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டாள். சிலர் சொல்ல முடியாது என்றார்கள். ஒரு லாட்ஜில் மேசைக்குப் பின்னால் இருந்தவன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஓடிப்போன கேஸா என்று கேட்டுச் சிரித்தான். கடைசி லாட்ஜின் படியும் இறங்கியாகிவிட்டது. அந்தப் பெண் எங்கேயும் இல்லை.

உயிரை விட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் கூப்பிட்டுப் பேசுவதற்கான உதவி எண்ணில் ரூத் வேலை பார்த்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் செல்போன் கடைக்கு மேலே ஒரு அறை. அதில் இரண்டு மேசை, இரண்டு போன். ஒன்றில் ரூத், இன்னொன்றில் கிளமெண்ட். அன்றைக்குக் கிளமெண்ட் பல் பிடுங்கப் போயிருந்தான். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோதுதான் நஜ்முன்னிசா கூப்பிட்டாள்.

ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜில் இருப்பதாகச் சொன்னாள். தன்னை யாரும் தேட மாட்டார்கள் என்றாள். ரூத் சுற்றி வளைக்காமல், சாகணும்னு நினைக்கிறீங்களா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் அந்தப் பெண். அதற்குப் பிறகு ரூத்துக்குப் பசி மறந்துபோனது.

பேச்சின் நடுவில் கிளமெண்டின் மேசையிலிருந்த போன் அடித்தது. முழுக்க அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. ரூத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். சாகப் போகிறேன் என்கிறவளிடம் ஒரு நிமிஷம் இருங்க என்று எப்படிச் சொல்வது? அந்தப் போன் அடங்கிவிட்டது. நஜ்முன்னிசாவின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. தன் அக்காவைக் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள். அக்கா வந்தாளா இல்லையா என்று தெரியவில்லை. அதனால்தான் அந்த லாட்ஜ் அலைச்சல்.

தவறிய அழைப்புகளுக்கு உதவி எண்காரர்கள் தாங்களாகத் திருப்பிக் கூப்பிடக் கூடாது என்பது அங்கே சட்டம். கூப்பிட்டவரின் போன் வீட்டில் வேறு யார் கையிலாவது இருந்து, விஷயம் தெரிந்துவிட்டால் இன்னும் ஆபத்து. கிளமெண்டின் போன் மறுபடி அடிக்குமென்று சாயங்காலம்வரை காத்திருந்தாள். அடிக்கவில்லை.

மறுநாள் காலையில் சகாயமேரி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மிஷன் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, இந்த உதவி எண்ணை நடத்துகிறவர். எல்லோருக்கும் டீச்சர். எதிரே இருவர் உட்கார்ந்திருந்தார்கள். கறுப்புச் சட்டைக்காரர் பெயர் ஜெர்சன், சென்னைக்காரர். உதவி எண்களில் பேசுகிறவர்கள் சரியாகப் பேசுகிறார்களா என்று சோதித்துச் சொல்வது அவர் நிறுவனத்தின் வேலை என்று டீச்சர் அறிமுகப்படுத்தினார். கூட வந்த பெண் தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி, வணக்கம் அக்கா என்றாள்.

அந்தக் குரல் ரூத்துக்குத் தெரியும். ராத்திரி முழுக்கக் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த குரல். முதலில் அவள் நெஞ்சு நிறைந்தது. உயிரோடு இருக்கிறாள். எழுந்து கட்டிக்கொள்ளக்கூடத் தோன்றியது. ஜெர்சன் பேசத் தொடங்கியதும் அது போய்விட்டது.

இவர் அப்சானா, நாடக நடிகை, நேற்று நஜ்முன்னிசாவாகப் பேசியது இவர்தான் என்றார் அவர். இதுவரை சோதித்த ஊர்களில் இதுபோல ஒரு உரையாடலைக் கேட்டதில்லையாம். நேரடியாகக் கேட்டது, உபதேசம் பண்ணாதது, அவசரப்படுத்தாதது எல்லாவற்றையும் பாராட்டினார். மதிப்பெண்ணையும் சொன்னார். ரூத் அதைக் காதில் வாங்கவில்லை.

"இன்னொரு போன் அடிச்சுச்சே சார். அதுவும் உங்க ஆளா?"

ஜெர்சன் சகாயமேரியைப் பார்த்தார். சகாயமேரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். சோதனை அழைப்பு ஒன்றுதான் என்றார்.

"கிளமெண்ட் லீவுன்னு உங்களுக்குத் தெரியும்ல டீச்சர்?"

தெரியும் என்றார் அவர். தேதி முன்கூட்டியே முடிவானது, இவர்கள் ஊர் ஊராகப் போகிறவர்கள், மாற்ற முடியவில்லை என்றார். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். ரூத்துக்குக் காது மடலெல்லாம் சுட்டது.

ஜெர்சன் குறுக்கிட்டார். போன வருஷம் வேறொரு ஊரில், கூப்பிடுகிறவர்களை எல்லாம் இது பாவம், கோழைத்தனம் என்று திட்டி அனுப்பிக்கொண்டிருந்தார் ஒருவர். பல வருஷமாக யாருக்கும் தெரியாது. திட்டு வாங்கியவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் தெரியாது. இப்படி ஒரு சோதனை அழைப்பில்தான் பிடிபட்டார். ஜெர்சன் பொய் சொல்லவில்லை என்று ரூத்துக்குப் புரிந்தது. பொய்யாக இருந்தால் கோபப்படுவதாவது சுலபமாக இருந்திருக்கும்.

அவள் எழுந்து வெளியே வந்தாள். கிளமெண்டின் போனில் அந்த எண் அப்படியே இருந்தது. சகாயமேரி பின்னாலேயே வந்து, வேண்டாம் ரூத், சட்டம் இருக்கிறது என்றார்.

"ஆள் இல்லாத நேரத்துல நாடகம் போடக் கூடாதுன்னு ஒரு சட்டம் எழுதியிருக்கலாம்ல டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே எண்ணை அழுத்தினாள்.

ரொம்ப நேரம் அடித்தபிறகு ஒரு ஆண் குரல் யாரு என்றது. பின்னால் லாரிகள் போகிற இரைச்சல். நேற்று இந்த எண்ணுக்குக் கூப்பிட்டிருந்தீங்க, பேசத் தோதான இடத்தில் இருக்கீங்களா என்று மட்டும் கேட்டாள். யாராவது பக்கத்தில் இருந்தால் ராங் நம்பர் என்று வைத்துவிடத் தயாராக இருந்தாள்.

"இப்பத்தேன் ஒங்களுக்கு நேரம் கெடச்சுச்சா?" என்றான் அவன்.

பிறகு கொட்டித் தீர்த்தான். பஸ்ஸுக்குப் பின்னால் நம்பரை எழுதிப் போடத் தெரிகிறது, எடுக்கத் தெரியாதா என்றான். சாகப்போகிறவன் நாளைக்கும் இருப்பான் என்று நினைத்தீர்களா என்றான். ரெண்டு தடவை கூப்பிட்டேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னான். வேறொரு போனில் இருந்தேன் என்று ரூத் சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. அவளுக்கு வாய் வரவில்லை.

"ஆமாண்ணே. நாங்க எடுக்கல. எங்க தப்புதான். நீங்க திட்டுங்க, நான் இருக்கேன்."

அவன் திட்டினான். மூச்சு வாங்கும்வரை திட்டிவிட்டு அழுதான். பெயர் கருத்தக்கண்ணன், கொட்டாம்பட்டிப் பக்கம். குட்டியானை என்கிற சின்ன லாரியில் தேங்காய் லோடு அடிப்பவன். பங்குனியில் ஒருநாள் வீட்டு வாசலில் வண்டியைப் பின்னுக்கு எடுத்தபோது, பின்னால் அவன் மகன் நின்றிருந்தான்.

"ஒருத்தரும் வைய மாட்டேங்குறாங்கம்மா. எம் பொண்டாட்டி சோத்தப் போட்டு வச்சிட்டு அங்கிட்டுப் போயிருறா. நீதேன் கொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சாத்தேன் என்ன?"

ரூத் அவன் மகனின் பெயரைக் கேட்டாள். சிவக்குமார் என்று சொல்லிவிட்டு, அந்தப் பெயரை வாயால் சொல்லி மாசக்கணக்காகிறது என்றான். அவனைப் பேசவிட்டுக் கேட்டாள். பிறகு, இன்றைக்கும் சாகணும்னு நினைக்கிறீங்களா அண்ணே என்றாள். ஆமாம் என்றான். நான்கு வழிச் சாலை ஓரம் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறானாம். பக்கத்தில் யாராவது நம்பிக்கையான ஆள் உண்டா என்று விசாரித்தாள். மச்சினன் சின்னானின் பஞ்சர் கடை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அவரிடம் நான் பேசலாமா, வண்டிச் சாவியைக் கொஞ்ச நாளைக்கு அவரிடம் கொடுத்து வைக்கலாமா என்று கேட்டாள். அவன் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. மச்சினனிடம் என்ன சொல்வது என்றான். ஒன்றும் சொல்ல வேண்டாம், போனை மட்டும் கொடுங்கள் என்றாள். கடைவரை அவன் நடந்து போகிற காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சின்னானுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. ரூத் மறுபடி விளக்கிச் சொன்னாள். அவரைத் தனியாக விடவே வேண்டாம், இன்றைக்கே பெரியாஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் கூட்டி வாருங்கள், சாயங்காலம் நானே கூப்பிடுகிறேன் என்றாள் ரூத். கடையைப் பூட்டிவிட்டு இப்போதே கூட்டிவருகிறேன் என்றான் அவன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். ஜெர்சன் ஏதோ நல்ல வார்த்தை சொல்ல வாயெடுத்தார்.

"இவரு நேத்தே செத்திருந்தா, எனக்கு எம்புட்டு மார்க் சார்?"

அப்சானா அழுதுகொண்டிருந்தாள்.

"அடிச்சது எனக்கும் கேட்டுச்சு அக்கா. வச்சிரலாமான்னு தோணுச்சு. வைக்கலாம்னு யாரும் சொல்லித் தரல."

அவளைத் தேற்ற ரூத்துக்கு மனசு வரவில்லை. லாட்ஜ் லாட்ஜாக உன்னைத் தேடி அலைந்தேன் என்று மட்டும் சொன்னாள். அது அந்தப் பெண்ணை இன்னும் அழவைத்தது. அழட்டும் என்றிருந்தது.

சோதனை வேண்டாம் என்று ரூத் சொல்லவில்லை. இரண்டு நாற்காலியிலும் ஆள் இருக்கும் நாளில் மட்டும் நடத்துங்கள், அப்போதும் இன்னொரு போன் அடித்தால் இது சோதனை என்று சொல்லி உடனே வைத்துவிடுங்கள் என்றாள். அப்படிச் செய்தால் சோதனையே கெட்டுப்போகும் என்றார் ஜெர்சன். கெடட்டும் என்றாள். தவறிய எண்ணுக்குப் பேரும் ஊரும் சொல்லாமல் ஒருமுறையாவது திருப்பிக் கூப்பிட வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டாள். இரண்டும் இல்லையென்றால் நாளையிலிருந்து வர மாட்டேன் என்றாள். ஜெர்சன் வெளியே போய்ச் சென்னைக்கு நெடுநேரம் பேசிவிட்டு வந்து ஒத்துக்கொண்டார். சகாயமேரியும் தலையாட்டினார்.

அடுத்த சோதனை அந்த முறைப்படியே நடந்தது. மாட்டியது கிளமெண்ட். சாக வேண்டும் என்றவளிடம், பெத்தவங்களை நெனச்சுப் பாக்க மாட்டீங்களா, படிச்சவங்கதானே என்று சத்தம் போட்டிருந்தான். அவனைப் போனிலிருந்து எடுத்து மறுபடி பயிற்சிக்கு அனுப்பினார்கள். தனக்காக டீச்சரிடம் ஒரு வார்த்தை பேசச் சொல்லி ரூத்திடம் வந்து நின்றான். வருஷக்கணக்காக ஒரே மேசையில் டப்பாவைப் பகிர்ந்து சாப்பிட்டவன். ஜெர்சன்மேல் வந்ததைவிடப் பெரிய கோபம் அவன்மேல் வந்தது அவளுக்கு. பேச மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். இத்தனை வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் தன் காதில் விழவில்லையே என்ற எரிச்சலும் அதில் இருந்தது.

கருத்தக்கண்ணன் மாத்திரை சாப்பிடுகிறான். வாரம் ஒருமுறை டாக்டரிடம் வருகிறான். வண்டியை இன்னும் தொடவில்லை. அவன் மனைவி ஒருநாள் அவனை வாய்விட்டு வைதுவிட்டு, அவன் மடியிலேயே விழுந்து அழுதாளாம். அதைப் போனில் சொன்னபோது அவன் குரல் கொஞ்சம் தெளிந்திருந்தது.

சகாயமேரியோடு ரூத் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசுவதில்லை. கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டிலிருந்து கேக் வந்தது. திருப்பி அனுப்பத்தான் நினைத்தாள். அவள் பிள்ளைகள் அதற்குள் பிரித்துவிட்டார்கள்.