மனசால ஒரு தடவை

"என்ன கேட்டாலும் இல்லன்னு சொல்லு. வேற வார்த்தையே வேண்டாம்," என்று சபை விசாரணைக்குப் போக மல்லாவியில் ரயில் ஏறியதிலிருந்து பகீத் தன் தங்கை தமியானாவுக்குப் படித்துப் படித்துச் சொல்லிக்கொண்டு வந்தான். அவளும் தலையாட்டினாள்.

அவள் புருஷன் வதீ குவைத்துக்குப் போனவன், ஆண்டுக்கணக்கில் திரும்பவே இல்லை. அங்கே ஒருத்தியோடு குடித்தனம் நடத்தினான் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. இப்போது வந்து இறங்கி, புதுப்பெண் ஒருத்தியைப் பார்த்தும் வைத்துவிட்டான். எங்கள் சபையில் கல்யாணத்தை முறிப்பது லேசுப்பட்ட காரியமா? இருவரில் ஒருவர் சோரம் போயிருந்தால்தான் உண்டு. அதனால் அந்தப் பழியைத் தூக்கி வெட்கமில்லாமல் இவள் தலையில் போட்டான். கோயிலில் பூசை அப்பம் சுடுகிற நசீமோடு தொடர்பாம்.

நசீம் மனைவியை இழந்தவன். சங்கீதம் சொல்லிக்கொண்டே, வெறும் வயிற்றோடு மாவு பிசைகிறவன். அந்த அடுப்பறைக்குள் பெண்கள் போகக் கூடாது. தமியானா மாவு மூட்டையை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்புவாள், அவ்வளவுதான். பழி நிலைத்தால் அவளுக்கு நற்கருணை கிடையாது, மறு கல்யாணம் கிடையாது. பேரும் போய்விடும்.

விசாரித்த மூன்று குருமாரும் கெட்டவர்கள் இல்லை. வதீ கூட்டி வந்த சாட்சி உளறிக் கொட்டியதில் வழக்கு ஏறக்குறைய விழுந்தேவிட்டது. மூத்த குரு முடித்துவைக்கிற நோக்கத்தில், வழக்கமான கேள்வியை முதலில் வதீயிடம் கேட்டார். அவன் கண்ணைக்கூட இமைக்காமல் இல்லை என்றான். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"மகளே, செயலாலயோ மனசாலயோ புருஷனுக்குத் துரோகம் பண்ணியிருக்கியா? இல்லன்னு சொல்லிட்டுப் போம்மா."

தமியானா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். குழந்தையில் குத்திய சிலுவைப் பச்சை அங்கே இருந்தது. பெரிய நோன்பில் ஒருநாள் மூட்டையை வாங்கும்போது, "கையெல்லாம் காய்ச்சுப்போச்சே உனக்கு," என்று நசீம் சொன்னான். அவள் கையை அதுவரை யாரும் பார்த்ததில்லை. அன்று முழுக்க, இவன் புருஷனாக வாய்த்திருந்தால் என்று நினைத்துக்கொண்டே இருந்தாள். மறுநாளே தன் குருவிடம் அறிக்கையிட்டு, ரொட்டியும் உப்புமாகக் கிடந்து, முழங்கால் தேய மண்டியிட்டு, அந்தக் கணக்கைத் தீர்த்தும்விட்டாள்.

"செயலால இல்ல அபூனா," என்றாள். "மனசால ஒரு தடவ போச்சு. பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன்."

பகீத் தலையில் கை வைத்துக்கொண்டான். கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காத வதீ எழுந்து நின்று, இச்சையோடு நினைத்தாலே விபசாரம்தான் என்று ஆண்டவர் சொன்னதை எடுத்து வீசினான். மூத்த குரு குனிந்த தலை நிமிராமலே, பழி நிலைத்தது என்று எழுதினார். சொன்னதை இல்லையென்று ஆக்க அவராலும் முடியவில்லை.

திரும்பும் ரயிலில் பகீத்துக்கு வாய் அடங்கவில்லை. "ஒரே ஒரு பொய்யி. அத ஆண்டவர் மன்னிச்சிருக்க மாட்டாரா?"

"மன்னிச்சிருப்பாருண்ணே," என்றாள்.

வதீ தலையில் கல்யாணக் கிரீடம் வைத்துக் கோயிலிலேயே ஜாம்ஜாமென்று இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டான். நசீமை அடுப்பறையிலிருந்து விலக்கினார்கள். அவன் யாரிடமும் சொல்லாமல் ஊரைவிட்டுப் போனான். ஞாயிறுதோறும் தமியானா நற்கருணை வாங்கிய நாள் வழக்கப்படி பட்டினியாகவே வந்து கடைசி வரிசையில் உட்காருகிறாள். மற்றப் பெண்கள் நற்கருணை வாங்கி, துணுக்கும் சிந்தாமல் வெள்ளைத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு அவளைக் கடந்து போகிறார்கள்.

பூசை முடிந்து வாசலில் எல்லோருக்கும் கொடுக்கிற, நற்கருணை அல்லாத அப்பம் அவளுக்கும் உண்டு. வேறு யாரோ சுட்ட அப்பம். அது கையில் விழும்போதெல்லாம் அவளுக்கு நசீம் நினைவு வந்துவிடுகிறது. அன்று ஒரு தடவை என்றுதான் சொன்னாள். இப்போது அதற்குக் கணக்கே இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொன்னால், "வெளிய விடாத மகளே, பேசாம இரு," என்று அவள் குருவே பயந்து வாயை அடைக்கிறார்.