மூன்றாம் தடவை

அமெரிக்காவின் வடக்கே, டுலூத் ஊர் விலங்குக் காப்பகத்தில் கூண்டு அட்டைகளை எழுதுவது மார்லிஸின் வேலை. அட்டையைப் படித்துவிட்டுத்தான் ஜனங்கள் பூனையையே பார்ப்பார்கள். இந்தச் சாம்பல் பூனையை ஏற்கெனவே இரண்டு குடும்பங்கள் வளர்க்கக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டன. மடியில் ஏறாது, கூப்பிட்டால் திரும்பாது.

“‘கோல்டு’ன்னு, குளிர்ந்துபோன மனசுன்னு எழுதித் தொலையேன். உள்ளதத்தானே சொல்றோம்,” என்றான் உடன் வேலை செய்யும் கிளென்.

“அப்புறம் எவன் எடுப்பான்? ‘அலூஃப்’னு போடலாம். ஒதுங்கி இருக்கும்னுதான் அர்த்தம். யாரும் வேணாம்னு இல்ல.”

“இதுக்கு யாரு வந்தா என்ன, போனா என்ன? ‘இண்டிஃபரண்ட்’. அதான் சரி.”

மார்லிஸின் பேனா நின்றுவிட்டது. போன மாதம் மகன் சொன்ன சொல் அது. “ரேலின் உன்னை கோல்டுன்னு சொல்லலம்மா. இண்டிஃபரண்ட்னுதான் சொன்னா.” சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டான், மடையன். குளிர்ந்து கிடப்பவளையாவது சூடேற்றலாம். இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்பவளை என்ன செய்ய முடியும்?

மருமகள் ரேலின் டெக்சாஸ்காரி. பச்சைக் குழந்தையோடு முதன்முதலாக வந்தபோது, “தூக்கிக்கிறீங்களா?” என்று நீட்டினாள். இந்த ஊரில் ஒரு வாய் காப்பியைக்கூட இரண்டு தடவை வேண்டாமென்றுவிட்டு மூன்றாம் தடவைதான் வாங்கிக்கொள்வார்கள். “பரவால்லம்மா, நீயே வச்சுக்கோ,” என்றாள் மார்லிஸ். ரேலின் மறுபடி கேட்டாள். மறுபடியும் அதே பதில். மூன்றாம் தடவைக்காக மார்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். ரேலின் குழந்தையோடு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். பாழாய்ப்போன மரியாதை! குழந்தை ஜோசி இப்போது நடக்கிறதாம்.

மேசைமேல் ஃபோன் அடித்தது. ரேலின்தான்.

“ஞாயித்துக்கிழமை ஜோசிக்குப் பொறந்தநாள். வர்றீங்களா?”

“உனக்கு எதுக்கும்மா வீண் சிரமம்...” மனசுக்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது.

“ஓ. சரி, உங்க இஷ்டம்.”

“ரேலின், வச்சுடாத! இன்னொரு தடவை கேளும்மா. ஒரே ஒரு தடவை.”

மறுமுனையில் எங்கோ பின்னால் ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் மட்டும் வந்தது. மார்லிஸ் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். சாம்பல் பூனை எப்போது எழுந்து வந்ததோ, கூண்டின் முன்பக்கம் அவளுக்கு முதுகைக் காட்டி, கம்பியோடு ஒட்டிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.