ஊற்றிய கை

1926ஆம் ஆண்டு தைப்பூசத்துக்கு மறுநாள், டத்தோ கிராமாட் பகுதியில் வடிவம்மாளின் கள்ளுக்கடையில் குடித்துவிட்டுப் போனவன் தன் மனைவியை அறைந்தான். வீங்கியது வடிவம்மாளின் கன்னம். மனைவியின் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அதன்பின் அந்தக் கடையில் குடித்தவர்கள் யாரை அடித்தாலும் காயம் வடிவம்மாளுக்கே வந்தது. குடித்தே தீருவேன் என்ற புருஷன்மாரைப் பெண்கள் அங்கேயே அனுப்பினார்கள். வெற்றிலை விலை ஏறியதைப் பேசுவதுபோல் தெருவில் இதையும் பேசிக்கொண்டார்கள்.

எதிரே கள்ளுக்கடை வைத்திருந்த சன்னாசிக்கு வயிறு எரிந்தது. வியாபாரம் படுத்தது ஒரு பக்கம். ஒரு விதவைக்குக் கிடைத்த மரியாதையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. கன்னத்தில் பத்துப் போட்டுக்கொண்டு அவள் பாசாருக்குச் சாமான் வாங்கப் போனால் மீன்காரர்கூட எழுந்து நின்றார்.

அடுத்த ஆண்டு, சன்னாசியின் கடையில் நிற்க முடியாத அளவு குடித்த மாட்டுவண்டிக்காரன் ஒருவன் தன் மனைவி அஞ்சலையின் கையை முறித்தான். நிதானம் இழந்தவனுக்கு மேலும் மேலும் ஊற்றியவன் சன்னாசி என்று அஞ்சலை வழக்குப் போட்டாள். அடித்த கையைத்தான் சட்டம் பிடிக்கும், ஊற்றிய கையைப் பிடிக்காது என்று மாஜிஸ்திரேட் அவனை விடுவித்தார். வென்று வெளியே வந்தவனை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நெற்றிக் கட்டோடு வந்திருந்த வடிவம்மாளைச் சுற்றித்தான் கூட்டம். அன்று சன்னாசி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துத் தன் தாடையில் ஒரு காயம் வரைந்து பார்த்தான். மழையில் கரைந்து சட்டை சிவந்ததுதான் மிச்சம்.

கடைசியில் வெட்கத்தை விட்டு அவளிடமே போனான்.

"எந்தச் சாமிகிட்ட வேண்டிக்கிட்ட வடிவம்மா? எனக்கும் சொல்லு லா."

"சாமியும் இல்ல, பூதமும் இல்ல அண்ணே. மொதல்ல என் கன்னம் வீங்குச்சே, அதுக்கு முந்தின வாரம் அந்தாளு பொண்டாட்டி அழுதுகிட்டு வந்துச்சு. இனிமே உம் புருஷன் மட்டுமில்ல, யாரு என் கடையில குடிச்சிட்டு என்ன செஞ்சாலும் நான்தான் பொறுப்புன்னேன். அவ்ளோதான்."

இவ்வளவுதானா என்று சன்னாசிக்கு ஆத்திரமே வந்தது. நேரே அஞ்சலை வீட்டுக்குப் போய், கட்டுப்போட்ட கையோடு நின்றவளிடம் அதே வார்த்தைகளைச் சொன்னான். பொறாமையில்தான் சொன்னான். ஆனாலும் பலித்தது. அந்த வாரமே, கள் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவன் முழங்கை மளுக்கென்று முறிந்தது. வண்டிக்காரன் வீட்டில் அஞ்சலை அடி விழுந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

சன்னாசி தெருவைக் கடந்து ஓடி, தொங்கும் கையை வடிவம்மாளிடம் காட்டினான். முகமெல்லாம் வேர்வை, வாய் நிறையச் சிரிப்பு.

"வலிக்குதா அண்ணே?"

"உசுரு போவுது."

"அப்ப இனிமே பாத்து ஊத்துவீங்க."

பார்த்துத்தான் ஊற்றினான். தள்ளாடுகிறவனுக்கு இரண்டு கடையிலும் கள் கிடைக்காமல் போயிற்று. இருந்தும் எப்போதாவது, அவள் காயம் தன்னுடையதைவிடப் பெரிதாகத் தெரிந்தால் அவன் முகம் வாடும். ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் டிரெஸ்ஸர் அவர்கள் இருவரிடமும் எப்படி அடிபட்டது என்று கேட்பதில்லை. எங்கே என்று மட்டும் கேட்பார்.